ஜீன் டெஸ்ட்: பாளையங்கோட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, குடும்ப விவரம் எழுதி, வெளியூருக்கு அனுப்பி வைப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிடத்தில் என்னிடம் கேட்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாலும் வள்ளியூரிலிருந்து வந்தாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தருகிறேன்.

யக்கா, ஜீன் டெஸ்ட்டுன்னா என்ன? சுகர் டெஸ்ட் மாதிரி ரத்தந்தான எடுக்கிய?

எடுப்பது அதே ரத்தம்தான். ஊதா மூடி போட்ட டியூபில் இரண்டு மூன்று மில்லி போதும். சாப்பிடாமல் வரவேண்டியதில்லை. சுகர் டெஸ்ட் இன்றைக்கு ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அளக்கும். நாளைக்கு எடுத்தால் வேறு எண் வரும். இது பிறந்ததிலிருந்து மாறாமல் இருக்கும் டிஎன்ஏவைப் படிப்பது. சிவப்பணுவுக்குள் டிஎன்ஏ கிடையாது, வெள்ளையணுவிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள்.

டிஎன்ஏவில் நான்கே எழுத்துகள், அவை திரும்பத் திரும்ப வந்து ஏறக்குறைய 300 கோடி. அதில் புரதம் செய்யச் சொல்லும் ஜீன்கள் சுமார் 20,000. அந்தப் பகுதிகளை மட்டும் சேர்த்தால் மொத்தத்தில் இரண்டு சதவீதம்கூட வராது. அதை மட்டும் படிப்பது எக்ஸோம் பரிசோதனை, எல்லாவற்றையும் படிப்பது முழு ஜீனோம். ஒரே ஒரு ஜீனைப் பார்ப்பதும் உண்டு, செலவும் குறைவு. உங்களுக்கு எது வேண்டும் என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும்; என் மேசையில் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இத வச்சு இன்னின்ன வியாதி வரும்னு ஜாதகம் மாதிரி சொல்லிருவாங்களா?

சில நோய்களுக்குச் சொல்லலாம். ஹன்டிங்டன் என்ற நரம்பு நோயில் ஒரு ஜீனுக்குள் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது 40 தடவைக்கு மேல் போனால், நோய் வரும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட நோய்கள் குறைவு.

மனித ஜீனோம் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்தது. விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பி முழு வரிசை வந்தது 2022-இல். எல்லா நோய்க்கும் ஒரு ஜீனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தொடக்கத்தில் பலர் நம்பினார்கள். நடந்தது வேறு. ஒரே ஜீன் கெட்டு வரும் அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் தெளிவாகின. சுகர், பிரஷர் போன்ற பொது நோய்களுக்கோ நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் இருப்பது தெரிந்தது. அரிய நோய்க்கு இந்தப் பரிசோதனை பெரும்பாலும் பணத்துக்கு மதிப்பு. பொது நோய்க்கு, என் கருத்தில், இன்னும் இல்லை.

ரெண்டு பேருக்கும் ஒரே பிளட் குரூப். கட்டிக்கலாம்லா?

தாராளமாக. ரத்த வகை ஒன்றாக இருப்பதால் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது. பெண்ணுக்கு நெகட்டிவ், ஆணுக்குப் பாசிட்டிவ் என்றால் மட்டும் கர்ப்பத்தின்போது டாக்டரிடம் சொல்லி ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. குரூப் பார்த்துச் சம்பந்தத்தை முறித்துவிட்டு, அடுத்த மாதமே சொந்தத் தாய்மாமனுக்கு நிச்சயம் செய்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்கு. பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?

இந்தக் கேள்வி பாளையங்கோட்டைக்குப் புதிதல்ல. காது கேளாத பிள்ளைகளுக்காக ஃபிளாரன்ஸ் சுவைன்சன் இங்கே பள்ளி தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அப்போதிருந்தே தாய் தகப்பன்மார் இதைத்தான் கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல 1997 வரை ஆயிற்று. அந்த ஆண்டுதான், பிறவியிலேயே காது கேளாமல் போவதற்கு ஜிஜேபி2 என்ற ஜீன் ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தது.

இந்த ஜீன் கனெக்ஸின் 26 என்ற புரதத்தைச் செய்கிறது. உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்ளியாவில், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் சிறு வழிகள் இந்தப் புரதத்தால் ஆனவை. ஒலி வந்து போன பிறகு பொட்டாசியத்தை அந்த வழியாகத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த ஒலிக்குக் காது தயாராகும். நம் நாட்டில் இந்த ஜீனில் அதிகம் காணப்படும் கோளாறு டபிள்யூ24எக்ஸ். புரதம் ஒரு சங்கிலி மாதிரி; அதன் 24ஆவது கண்ணி வரவேண்டிய இடத்தில் ‘நிறுத்து’ என்ற குறி வந்துவிடுகிறது. 226 கண்ணி இருக்க வேண்டிய புரதம் 23-உடன் நின்றுபோகிறது.

ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். காது நன்றாகக் கேட்கும். இவர்களைக் கேரியர் என்கிறோம். நீங்கள் இரண்டு பேரும் கேரியராக இருந்து, கெட்ட பிரதி இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் காது கேட்காது. நீங்கள் கர்ப்பத்தில் சாப்பிட்டதாலோ கிரகணத்தில் வெளியே போனதாலோ அல்ல. இதைக் கேட்டதும் அழுத அம்மாக்கள் உண்டு, மாமியார் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னவர்களும் உண்டு. காரணம் தெரிவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. இந்தக் கோளாறில் கேட்கும் நரம்பு நன்றாக இருப்பதால் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) பொதுவாக நல்ல பலன் தரும். ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மொத பிள்ளைக்கு வந்துட்டு. நாலுல ஒண்ணுன்னாவளே, அந்தக் கணக்கு முடிஞ்சிட்டுலா?

முடியவில்லை. பெற்றோர் இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனியாக நாலில் ஒரு பங்கு. நாலு சீட்டு போட்டுக் குலுக்கி ஒன்று எடுக்கிறோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்த குலுக்கல். மூன்று பிள்ளைக்கும் வராமல் போகலாம், இரண்டுக்குமே வரலாம். இரண்டாவது பிள்ளையை நினைக்கும் முன்னால், முதல் பிள்ளைக்கு எந்த ஜீனில் எந்த மாற்றம் என்பதை உறுதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமான பிறகு ஓடிவந்தால் காலம் போதாது.

எங்க ஆச்சி காலத்துலேர்ந்து மாமன் மகளத்தான் கட்டுதோம். ஒண்ணும் ஆவலியே?

ஆகாமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சொந்தம் இல்லாத தம்பதிக்கும் நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அதோடு இன்னும் இரண்டு மூன்று சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறப்பார்கள். “சொந்தத்தில் கட்டினால் ஊனம்தான்” என்று பயமுறுத்துவது சரியல்ல.

ஆனால் கணக்கு இருக்கிறது. நம் எல்லாரிடமும் ஒரு பிரதி மட்டும் கெட்ட ஜீன்கள் சில உண்டு. மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே தாத்தா ஆச்சியின் பேரப்பிள்ளைகள் என்பதால், ஒரே கெட்ட பிரதி இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடும். இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையின் ஜீன்களில் 16-இல் ஒரு பங்கு, இரண்டு பக்கமும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியாக வந்து சேரும். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் அது 8-இல் ஒரு பங்கு. குடும்ப விளக்கப்படம் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு போடுவேன். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. சில குடும்பங்களுக்கு வரைந்து முடித்தால் தாள் முழுக்க இரட்டைக் கோடாக இருக்கும். தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

சொந்தத்துல எடுக்கல, வெளியதான் எடுத்தோம். அப்பமும் வந்திருக்கே?

“வெளியே” என்றால் எவ்வளவு வெளியே என்று கேட்பேன். பெரும்பாலும் வேறு ஊர், ஆனால் அதே சாதி. நம் நாட்டில் குழுக்கள் நூற்றாண்டுக் கணக்காகத் தங்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து வந்திருக்கின்றன. குழு ஒரு காலத்தில் சிறியதாக இருந்திருந்தால், அப்போது ஒருவரிடம் இருந்த கெட்ட பிரதி இன்று பல ஆயிரம் பேரிடம் இருக்கும். சொந்தம் யாருக்கும் நினைவில் இருக்காது, டிஎன்ஏவில் மட்டும் இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற ஆராய்ச்சி நிலையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தார்கள். அதில் 81 குழுக்களில் இந்த நெருக்கம், இதற்குப் பேர்போன பின்லாந்து மக்களைவிட, ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களைவிட அதிகம். இந்தச் சாதிக்கு இந்த நோய் என்று பேசிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் குழுவில் எந்தக் கோளாறு அதிகம் என்று தெரிந்தால், அதை மட்டும் குறைந்த செலவில் பார்க்கலாம்.

சாதி எல்லையெல்லாம் தாண்டிப் பரவிய மாற்றமும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. இதயத் தசையின் எம்ஒய்பிபிசி3 என்ற ஜீனில் 25 எழுத்து விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருப்பதையும், நடுவயதுக்குப் பிறகு இதயத் தசை பலவீனமாவதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதையும் அது காட்டியது. வைத்திருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை.

வீட்ல மூணு தலைமுறையாச் சுகர். டெஸ்ட் எடுத்துப் பாத்திருவமா?

வேண்டாம். மூன்று தலைமுறையாகச் சுகர் என்பதே உங்கள் ரிப்போர்ட். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சுகருக்கு நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள மாற்றங்கள் சேர்ந்து காரணமாகின்றன. அவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் டிஎன்ஏவை வைத்துச் செய்தது. நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்தக் காசுக்கு வருடாவருடம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள், சாயங்காலம் நடங்கள்.

இரண்டு விதிவிலக்கு. ஒன்று, ஒல்லியான பிள்ளைக்கு 25 வயதுக்குள் சுகர், அப்பாவுக்கும் அப்படியே, தாத்தாவுக்கும் அப்படியே என்றால் மோடி (MODY) என்ற ஒற்றை ஜீன் வகையாக இருக்கலாம்; அதில் சில வகைகளுக்கு இன்சுலின் இல்லாமல் மாத்திரையே போதும். இரண்டு, பிறந்து ஆறு மாதத்துக்குள் சுகர் வந்த குழந்தை. கணையத்தில் இன்சுலினை வெளியேவிடும் செல்களில் ஒரு பொட்டாசிய வாசல் உண்டு, அது மூடினால்தான் இன்சுலின் வெளியே வரும். சில குழந்தைகளுக்கு ஜீன் கோளாறால் அது திறந்தபடியே நிற்கிறது. 2004-இல் இது தெரிந்த பிறகு, அந்த வாசலை மூடும் பழைய, விலை குறைந்த சுகர் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுசுக்கும் ஊசி என்று இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊசி நின்றது. ஜீன் ஆராய்ச்சியால் என்ன கண்டோம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்பாவுக்கு நாப்பத்திரண்டு வயசுல அட்டாக். எங்களுக்கு?

முதலில் சாதாரணக் கொலஸ்ட்ரால் டெஸ்ட். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 190-க்கு மேல் இருந்து, வீட்டில் இளவயதில் மாரடைப்பும் இருந்தால் அது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். அப்போது ஜீன் பார்ப்பதில் பொருள் உண்டு. அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லாருக்கும் பார்க்க வேண்டிவரும். 2003-இல் பிரான்ஸில் இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்தபோது பிசிஎஸ்கே9 என்ற ஜீன் அகப்பட்டது. அது அளவுக்கு மீறி வேலை செய்தால் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. அப்புறம் அமெரிக்காவின் டல்லஸில், பிறவியிலேயே இந்த ஜீன் சரியாக வேலை செய்யாதவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைவாகவும் இதய நோய் அரிதாகவும் இருப்பதைப் பார்த்தார்கள். அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து 2015-இல் வந்துவிட்டது.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு சேதி. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோகிரெல் உடம்புக்குள் போய் மாறிய பிறகுதான் வேலை செய்யும். மாற்றும் ஜீனில் குறை உள்ள பிரதி தெற்காசியரில் பாதிப் பேருக்கு மேல் ஒன்றாவது இருக்கிறது. இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

அம்மாவுக்கு மார்புல கட்டி. எனக்கும் வருமா?

எல்லாப் புற்றுநோயும் ஜீன் கெட்டுத்தான் வருகிறது. ஆனால் பெரும்பாலும் வாழும்போது கெடுவது, பிறவியில் வந்தது அல்ல. பிறவியில் வந்தது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். 1994, 1995-இல் கண்டுபிடித்த பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் அந்த வகை. பிஆர்சிஏ1 கெட்டிருந்தால் 80 வயதுக்குள் மார்பகப் புற்று வர நூற்றுக்கு எழுபது வாய்ப்பு, கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பைக்கும் ஆபத்து.

இங்கே எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். நோய் வந்த அம்மாவை விட்டுவிட்டு மகள் டெஸ்டுக்கு வருகிறாள். முதலில் அம்மாவுக்குப் பார்க்க வேண்டும். அங்கே மாற்றம் கிடைத்தால் மகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு பல மடங்கு குறையும். அம்மாவுக்குத் தெரியாத நிலையில் மகளுக்கு ‘இல்லை’ என்று வந்தால், அது நிம்மதி தரும் ‘இல்லை’ ஆகாது. கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பது வேறு டெஸ்ட். அது எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க.

ஆன்லைன்ல எச்சில் துப்பி அனுப்பினா எல்லாம் சொல்லுதானாமே?

அவற்றில் பல, 300 கோடி எழுத்தில் தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டும் பார்ப்பவை. அரிய மாற்றங்கள் தப்பிவிடும். 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023-இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது, 2025-இல் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. பாஸ்வேர்டை மாற்றலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. வேடிக்கைக்குச் செய்கிற காரியம் இல்லை.

ரிப்போர்ட் வந்துட்டு. “அர்த்தம் உறுதியில்லாத மாற்றம்”னு போட்டிருக்கான். துட்டு போச்சா?

ஒரு மனிதரின் ஜீனோமைப் பொது மாதிரியோடு ஒப்பிட்டால் 40, 50 லட்சம் இடங்களில் வேறுபாடு வரும். அதில் எது நோய், எது வெறும் வேறுபாடு என்று தெரிய, நோயில்லாத ஏராளமான பேரின் டிஎன்ஏ ஒப்பிடக் கையில் இருக்க வேண்டும். உலகத் தரவில் நம்மவர்கள் குறைவு என்பதால், இங்கே சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட அங்கே அபூர்வமாகத் தெரிகிறது. ‘உறுதியில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இதைச் சரிசெய்யத்தான் 2020-இல் ஜீனோம் இந்தியா திட்டம் தொடங்கியது. 83 குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் ஜீனோம் விவரம் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்தச் சிகிச்சை முடிவும், குறிப்பாகக் கர்ப்பம் பற்றிய முடிவு, எடுக்கக் கூடாது. தூக்கியும் போடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து அதே தரவைத் திரும்ப அலசச் சொல்லலாம், புதிதாக ரத்தம் வேண்டாம். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும் சமயம் உண்டு. ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தாலும் இதே கதைதான்: எக்ஸோம் படிக்காத இடத்தில் கோளாறு இருக்கலாம். மேலே சொன்ன ஹன்டிங்டன் வகை மாற்றம் பெரும்பாலும் எக்ஸோமில் தட்டுப்படாது.

கெட்ட ஜீன மாத்திப் போட முடியாதா?

தொடங்கிவிட்டார்கள். சிவப்பணு அரிவாள்போல வளையும் சிக்கிள்செல் நோய்க்கு, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறைச் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர், ரூபாயில் பதினைந்து கோடிக்கு மேல். நம் பக்கத்தில் வேலூர் சிஎம்சியில், ரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு அவர்களுடைய செல்களிலேயே சரியான ஜீனைச் சேர்த்துத் திரும்பக் கொடுத்தார்கள். ரத்தக்கசிவு நின்றதாக 2024-இல் முடிவு வெளியானது. மேலே சொன்ன ஜிஜேபி2 காது கேளாமைக்கும் சுகருக்கும் இதைக் கேட்டு இப்போது எங்கேயும் அலைய வேண்டாம்.

வயித்துல இருக்கும்போதே பாக்கலாமா? ஆணா பொண்ணான்னும் சொல்வாவளா?

பார்க்கலாம், குடும்பத்தில் உள்ள மாற்றம் முன்பே தெரிந்திருந்தால். 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்தோ 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலிருந்தோ எடுப்பார்கள். முன்கூட்டியே உறுதி செய்யுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம். கேட்பதும்தான்.

மகளுக்கு மாப்பிள்ள பாக்கோம். தம்பிக்காரனுக்குக் காது கேக்காது. அவ ரிப்போர்ட்ட அவங்க வீட்ல காட்டணுமா?

தம்பிக்கு இரண்டு பிரதியும் கெட்டிருக்கிறது, அக்காவுக்குக் காது கேட்கிறது என்றால், அவள் கேரியராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. கேரியர் என்பது நோய் இல்லை. மாப்பிள்ளையும் அதே ஜீனுக்குக் கேரியராக இருந்தால்தான் பிள்ளையைப் பற்றிய கேள்வியே வரும். அதனால் ரிப்போர்ட் அவளுடையது. யாரிடம் சொல்வது என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும், பெரியப்பாவோ தரகரோ அல்ல. நிச்சயமான பிறகு அவளே மாப்பிள்ளையிடம் பேசி அவரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது. இதே குறை உள்ள பக்கத்துச் சொந்தத்துக்குள்ளேயே, “அவங்கன்னா ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்று கட்டிக்கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் முடிவு. அதுதான் ஆபத்தும்.

மூத்தவனுக்குக் கண்ணுல கேன்சர். பொறந்த பிள்ளைக்கு இப்பமே எடுக்கச் சொல்லுதிய. எங்க அக்கா மகளுக்கு மட்டும் பதினெட்டு ஆவட்டும்னியளே?

அக்கா குடும்பத்தில் இருப்பது பிஆர்சிஏ1. பத்து வயதுப் பெண்ணுக்கு அதைத் தெரிந்துகொண்டு இப்போது செய்ய எதுவுமில்லை. கவலை மட்டும் கூடும். வளர்ந்து, வேண்டுமா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும்.

உங்கள் மூத்தவனுக்கு வந்தது விழித்திரைப் புற்று, ரெட்டினோபிளாஸ்டோமா. ஆர்பி1 என்ற ஜீன் கெட்டு வருவது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். பரம்பரை வகை என்றால் தம்பிக்கும் வரலாம், போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. டெஸ்ட் எடுக்காவிட்டால் தம்பியையும் சில வாரத்துக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பல தடவை மயக்கம் கொடுத்துத்தான் உள்ளே பார்ப்பார்கள். மூத்தவனிடம் கண்ட மாற்றம் தம்பியிடம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், அந்த மயக்க மருந்தெல்லாம் அவனுக்கு வேண்டாம். திங்கட்கிழமை காலையில் பிள்ளையைக் கொண்டு வாங்க, மூத்தவன் ரிப்போர்ட்டின் நகலையும் மறக்காமல் எடுத்து வாங்க. கைக்குழந்தைக்கு ஒரு மில்லி போதும்.